பிளாட்டினம் டிக்கெட் வேண்டாம், புல்தரை போதும்

குளிர் ஆரம்பித்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர்களும் ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து வரும் பாடகர், டிவியில் வந்த காமெடியன், சுற்றிலும் ஸ்பான்சர் லோகோக்கள். கீழே டிக்கெட் விலை: வி.ஐ.பி., பிளாட்டினம், கோல்டு, சில்வர். இதற்குப் பெயர் தமிழர் கலாச்சார விழா. மனிதர்களை உலோகம் பார்த்து உட்கார வைப்பது நம் கலாச்சாரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, தெரியவில்லை.

நான் பிறந்தது துபாயில், வளர்ந்தது கராமாவில். இந்த ஊரில் பாட்டு சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. கராமா, குசைஸ், ஷார்ஜா ரோலா என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு ஃபிளாட்டில் வயலினோ கீபோர்டோ கேட்கும். வருடக்கணக்கில் படிக்கிறோம். வாசிப்பது எங்கே? டீச்சரின் ஆண்டு விழாவில். ஹால் வாடகைக்குப் பங்கு கொடுத்து, பன்னிரண்டு பேரோடு சேர்ந்து, நான்கு நிமிடம். கேட்பவர்கள் நம் அப்பா அம்மாக்கள். அவர்களும் ஃபோன் வழியாகத்தான் பார்க்கிறார்கள்.

சென்னை மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா என்று ஒன்று உண்டு. அமிர்தாஞ்சன் தைலத்தை ஆரம்பித்தவரின் பெயர்தான். அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவில் 'மைக் இல்லாக் கச்சேரி' என்று நடத்தி வந்தார்கள். பாடுவதும் வாசிப்பதும் சின்னப் பிள்ளைகள். மைக் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. வாக்கிங் வருகிறவர் நின்று கேட்கலாம், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டலாம். அடுத்த ரவுண்டில் அவர் மறுபடி நிற்கிறாரா என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு மார்க். எந்த கிரேடு பரீட்சையும் இதைச் சொல்லித்தராது.

பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2007இல் சென்னை சங்கமம் வந்தபோது பறையும் கரகமும் ஒயிலாட்டமும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன, இலவசமாக. 2011இல் ஆட்சி மாறியதும் நின்றது. 2023 ஜனவரியில் 'நம்ம ஊரு திருவிழா' என்று திரும்பி வந்தது. எனக்கென்னவோ அந்தப் பிரம்மாண்டத்தைவிட மைக் இல்லாத ஒரு மணி நேரம்தான் நமக்குச் சரிப்படும் என்று தோன்றுகிறது. சின்னதாக இருப்பதை நிறுத்துவது கஷ்டம்.

எங்கள் பில்டிங் நாத்தூர் தஞ்சாவூர்ப் பக்கம். தவில் வாசிப்பார். இது எங்களுக்குத் தெரியவந்ததே லிஃப்ட் பழுதாகி, படிக்கட்டில் உட்கார்ந்து அவரோடு பேச நேர்ந்த ஒரு நாளில்தான். அதுவரை எத்தனையோ வருடம் ஒரே வாசலில் ஸலாம் சொல்லிக் கடந்திருக்கிறோம். தஞ்சாவூர்த் தவில்காரர் வாசலில் நிற்கிறார். நாம் தாளம் கற்றுக்கொள்ள ஆன்லைனில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்!

விழாவுக்கு அவர் வரமாட்டார். சில்வர் டிக்கெட் விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்தாலே வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஒருமுறை ஒரு சங்கத்து அங்கிளிடம், கேம்ப்பில் இருக்கும் அண்ணன்களுக்காவது கொஞ்சம் இலவச சீட் ஒதுக்கலாமே என்றேன். "பேச்சிலர்ஸ் நிறைய வந்தா ஃபேமிலி கிரவுட் வராதும்மா" என்றார். ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கும் மனிதருக்கு இங்கே பெயர் பேச்சிலர். குடும்பத்தைக் கூட்டிவரும் அளவுக்குச் சம்பளம் இல்லாததற்கு நாம் வைத்திருக்கும் நாகரிகமான சொல் அது. ஆங்கிலத்தில் படிக்கும் நாமும் அந்தச் சொல்லை அப்படியே வாயில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2022 மார்ச்சில் எக்ஸ்போவில் இளையராஜா கச்சேரி நடந்ததே, அதற்குத் தனி டிக்கெட் இல்லை. எக்ஸ்போவுக்குள் நுழைந்தவர் யாரும் போய்க் கேட்கலாம். எந்தக் குடும்பமும் ஓடிப்போகவில்லை.

"பெர்மிட் கிடைக்காது" என்பார்கள். பொது இடத்தில் நிகழ்ச்சி நடத்த இங்கே அனுமதி வேண்டும், உண்மைதான். அனுமதி இல்லாமல் போய் உட்காருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம்மில் பாதிப் பேருக்கு விசாவே அப்பா ஸ்பான்சரில்தான் ஓடுகிறது. ஆனால் நட்சத்திரத்துக்கு விசா, ஹோட்டல், ஹால், பெர்மிட் எல்லாம் வாங்கத் தெரிந்த பெரியவர்களுக்குப் பார்க்குக்காக ஒரு விண்ணப்பம் போடத் தெரியாதா? வெயில் என்பார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை மாலை நேரம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

கடைசியாக வருவது, "நாமே இங்கே தற்காலிகம்தானே, எதுக்கு இதெல்லாம்?" என்ற பழைய பாட்டு. தற்காலிகமாக இருப்பவனுக்குத்தான் பார்க் வேண்டும். சங்கக் கட்டடம் எழுப்பிக் கல்வெட்டில் பெயர் போடுவது நிலைத்திருப்பவர்கள் வேலை. நமக்கு ஒரு ஜமுக்காளம் போதும். ஸபீல் பார்க்குக்குக்கூட 5 திர்ஹம்தான் நுழைவு. வீட்டுப் பக்கத்துச் சின்னப் பார்க்குகளுக்கு அதுவும் இல்லை.

ஆகவே, உங்கள் சங்கத்து அங்கிள்களை நச்சரியுங்கள். மாதம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், மைக் இல்லாமல். கிளாஸில் படித்ததை வாசியுங்கள். கானா பாடத் தெரிந்தால் அதையும் பாடுங்கள். உங்கள் பில்டிங் நாத்தூரையும் ஸ்கூல் பஸ் டிரைவர் அண்ணனையும் கேட்பதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள், வாசிக்கவும் கூப்பிடுங்கள். எங்கள் பக்கம் தவிலுக்கு ஆள் ரெடி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவருக்கு டியூட்டி முடிகிறது, ஆறு மணி என்று வைத்துக்கொள்ளலாம். தவில்தான் ஊரில் இருக்கிறது. லீவு முடிந்து ஜனவரியில் திரும்புகிறவர்களில் யாருக்காவது முப்பது கிலோவில் இடம் மிச்சமிருந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.