வலி வரும் முன் பல்லைக் காட்டுங்கள்!

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? சோறு போகிறது. தூக்கம் போகிறது. இரண்டு நாள் கூலியும் சேர்ந்து போகிறது.

இருந்தும் பல் விஷயத்தில் நமக்கு எவ்வளவு அலட்சியம்!

காட்டுமன்னார்கோயில் வட்டாரம் என்று இல்லை. எங்கும் இதே கதைதான். பல் கூசினால் கிராம்பு. வலித்தால் மருந்துக்கடை மாத்திரை. கன்னம் வீங்கிய பிறகுதான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சு, "புடுங்கி விட்டுடுங்க டாக்டர்!"

பல்லைப் பிடுங்குவது கடைசி வைத்தியம். அதை நாம் முதல் வைத்தியம் ஆக்கி விட்டோம்.

ஏரிக் கரையும் பல்லும்

வீராணம் ஏரிக் கரையில் சின்னக் கசிவு தெரிந்தாலும் உடனே மண் மூட்டை போட்டு அடைக்க வேண்டும். "கரை உடையட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்று எந்த விவசாயியாவது சொல்வாரா?

பல்லும் அப்படித்தான். சொத்தை மேல் ஓட்டில் இருக்கும் வரை வலிக்காது. உள்ளே நரம்பை நெருங்கிய பிறகே வலிக்கும். மேலோடு இருக்கும்போது பார்த்தால் ஒரே நாளில் அடைத்து விடலாம். நரம்புக்குப் போய் விட்டால் வேர் சிகிச்சை, அதன் மேல் உறை என்று செலவு ஏறும். அதையும் தாண்டினால் பல்லே போய் விடும்.

படம் எதற்கு?

"வாயைத் திறந்தால் தெரியாதா? எதுக்கு எக்ஸ்ரே?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

இரண்டு பல் ஒட்டி இருக்கும் சந்தில் விழும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. பழைய அடைப்புக்கு அடியில் மறுபடி அரிப்பது தெரியாது. வேர் நுனியில் கட்டிய சீழ், கரைந்து போன தாடை எலும்பு, படுத்துக் கிடக்கும் கடைவாய்ப் பல்... எல்லாவற்றையும் படம் காட்டிக் கொடுக்கும்.

படத்துக்கும் தெரியாத ஒன்று உண்டு. புகையிலை போடுகிறவர்கள் வாயில் வரும் வெள்ளைப் படை. அது புற்று நோய்க்கு முன் எச்சரிக்கையாக இருக்கலாம். அதை டாக்டரின் கண்தான் பிடிக்கும். ஆகவே வெற்றிலை-புகையிலை, பான் மசாலா பழக்கம் உள்ளவர்கள் பல் நன்றாக இருந்தாலும் வாயைக் காட்ட வேண்டும்.

கதிருக்குப் பயமா?

ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-ல். அடுத்த ஆண்டே ஒட்டோ வால்காப் என்ற ஜெர்மன் பல் டாக்டர் தன் பல்லையே படம் எடுத்தார். அசையாமல் 25 நிமிடம் இருக்க வேண்டி இருந்ததாம்! இப்போது கண் இமைக்கும் நேரம் போதும்.

ஒரு சிறிய பல் படத்தில் உடம்பில் படும் கதிர், சும்மா வீட்டில் இருந்தாலும் இயற்கையாக ஒரு நாளில் நம் மேல் படும் கதிருக்குள் அடக்கம். பயந்து ஓட வேண்டியது இல்லை. கர்ப்பிணிகள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

அதற்காக, போகும்போதெல்லாம் வழக்கத்துக்கு ஒரு படம் என்பதும் சரி அல்ல. "இந்தப் படம் எதற்கு?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. பழைய படத்தைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டு போனால் வீண் செலவும் மிச்சம். பல் எக்ஸ்ரே எந்திரத்துக்கும் மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

எத்தனை மாதம்?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரிட்டனில் 2,300 பேருக்கு மேல் 4 ஆண்டுகள் கவனித்து, 2020-ல் முடிவு சொன்னார்கள். பல் நன்றாக உள்ள பெரியவர்கள் 24 மாதத்துக்கு ஒரு முறை போனாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம்.

நம் ஊரில் 24 மாதம் அல்ல, 24 ஆண்டு ஆனாலும் போக மாட்டோமே, அதுதான் தொல்லை!

சர்க்கரை நோயாளிகளும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும் சீக்கிரம் சீக்கிரம் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது அவசியம். மற்றவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் போனால் போதும்.

அரசு கவனிக்குமா?

அண்ணாமலை நகரில் 1980-ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, 2021-ல் அரசு மருத்துவத் துறையின் கைக்கு வந்தது. காட்டுமன்னார்கோயிலில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர்தான். மாவட்டத்துக்கே இது பெரிய வசதி.

ஆனால் வலியே இல்லாதவர் ஒரு நாள் வேலையை விட்டு அங்கே போவாரா? நடவு நேரத்தில் கூலிக்காரர் போவாரா? கடையைப் பூட்டி விட்டு வியாபாரி போவாரா? மாட்டார்கள். ஆகவே கல்லூரிதான் ஊரைத் தேடி வர வேண்டும். மாதம் ஒரு நாள், நாள் குறித்து, காட்டுமன்னார்கோயிலிலும் சுற்றுக் கிராமங்களிலும் பல் முகாம் நடத்த வேண்டும். படம் எடுக்கும் வசதியும் கூடவே வர வேண்டும். தேதியை பஸ் நிலையத்தில் போர்டு எழுதி வைக்க வேண்டும்.

பள்ளிக் குழந்தைகளின் உடல் நலம் பார்க்க 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் பல் நோயும் இருக்கிறது. பிள்ளைக்குப் பல் சொத்தை என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், "பால் பல்லுதானே, விழுந்துடும்" என்று பெற்றோர் விட்டு விடக் கூடாது. பால் பல் கெட்டால் அடுத்து முளைக்கும் பல்லுக்கும் கேடு.

யாரிடமும் பல்லைக் காட்டக் கூடாது என்பது நம் மானம். டாக்டரிடம் காட்டலாம். அதுவும், வலிக்கும் முன் காட்டினால் பல்லும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்!