அடியாத நாய்க்குட்டியும் படியும்



கடந்த பள்ளி விடுமுறையில் என் மாணவன் ஒருவனின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் ஆண்டில் பயிலும் மகனுக்காக நாய்க்குட்டி ஒன்றை வாங்கியிருக்கிறார்களாம். "வீடெல்லாம் அசிங்கம் செய்கிறது சார். ரோத்தானால் இரண்டு போட்டால் சரியாகிவிடுமா? அடியாத மாடு படியாது என்பார்களே!" என்று கேட்டார். நான் நாய் வளர்ப்பவன் என்பது எங்கள் வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில், அவர் செய்ய நினைப்பதை நான் முன்பே செய்து முடித்தவன்.

2014-ஆம் ஆண்டில் நண்பர் ஒருவர் தோட்டத்திலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "கண் திறந்து நாளாயிற்று, இனி சோறு தின்னும்" என்றார். அதற்கு அப்போது ஐந்து வாரம்கூட நிறைந்திருக்காது. மணி என்று பெயர் வைத்தோம். பசியில் கத்தியது என்று இனிப்பு டின் பாலை வெந்நீரில் கலக்கிக் கொடுத்தோம். ஆவலாய்க் குடித்தது. மறுநாள் வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் கால்நடை மருத்துவரின் மேசைமேல் துவண்டு கிடந்தது. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை என்பதையும், சின்னஞ்சிறு குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடலின் நீர் வற்றி ஓரிரு நாளிலேயே உயிர் போகக்கூடும் என்பதையும் அன்றுதான் அறிந்துகொண்டேன். மணி பிழைத்தது எங்கள் நற்பேறு.

குட்டி மூன்று நான்கு வாரத்தில் மெல்ல மெல்லத் திட உணவுக்கு மாறத் தொடங்கும். ஆயினும், எட்டு வாரம் நிறையும்வரை அது தாயுடன் இருத்தல் வேண்டும். பாலுக்காக மட்டுமன்று. உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதை அது கற்கிறது. அந்தப் பாடத்தை இடையில் நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, "பிள்ளையின் கையைக் கடிக்கிறது" என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

எட்டு வாரக் குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை சிறிது சிறிதாக உணவளிக்க வேண்டும். ஆறு மாதத்திற்குப் பின் இருவேளை போதும். கடைகளில் குட்டிகளுக்கென்றே விற்கும் உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய பின் கொடுக்கலாம். பெரிய நாய்க்கான உணவை வாங்கி அளவைக் குறைத்துக் கொடுப்பது சரியன்று. வளரும் எலும்புக்கு வேண்டிய சத்து அதில் போதாமல் போகலாம். குடிக்க நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். சோறு நஞ்சன்று; ஆனால் வெறுஞ்சோற்றால் குட்டி வளராது.

நம் வீட்டுச் சமையலில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழம்பில் கரைந்திருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூர்கூராய் உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளைகள் அன்போடு பகிர்ந்துகொள்ளும் மைலோவில் கொக்கோ இருக்கிறது. அதிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு ஆகாது.

"அந்தக் காலத்தில் தோட்டத்து நாய்கள் குழம்புச் சோற்றைத் தின்றே பதினைந்து ஆண்டுகள் வாழவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். வாழ்ந்த நாய்களின் பெயர்கள் எங்களுக்கு நினைவில் இருக்கின்றன. ரப்பர் மரத்தடியில் புதைத்த குட்டிகளை யாரும் எண்ணி வைக்கவில்லை.

இனி, அடிக்கு வருகிறேன்.

மணி தேறிய பின் வீட்டுக்குள் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தது. நான் நாளிதழைச் சுருட்டி அடித்தேன். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தேன். யாரோ சொன்னார்கள், செய்தேன். இரண்டு வாரத்தில் கூடத்தில் ஈரம் காணப்படவில்லை. வெற்றி என்று நினைத்தேன். பின்னர்க் காலணி அடுக்கின் பின்னாலிருந்து நாற்றம் வந்தது. அலமாரிக்கு அடியிலிருந்தும் வந்தது. அது கற்றுக்கொண்டது, வெளியில் கழிக்க வேண்டும் என்பதை அன்று. நான் காணும் இடத்தில் கழிக்கக் கூடாது என்பதை. அதனால், முற்றத்துக்கு அழைத்துச் சென்றாலும் என் கண்ணெதிரே கழிக்க அஞ்சி, வீட்டுக்குள் ஓடிப்போய் மறைவில் கழித்தது.

அப்போது என் மகளுக்கு எட்டு வயது. ஒரு மாலை அவள்தான் சொன்னாள்: "அப்பா, உங்கள் கார் சத்தம் கேட்டாலே மணி ஒண்ணுக்குப் போய்விடுகிறது."

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாவ்லோவின் நாயைப் பற்றிப் பக்கம் பக்கமாக விடை எழுதியவன் நான். அந்த நாய்க்கு மணியோசை கேட்டால் எச்சில் ஊறும். என் நாய்க்குட்டிக்கு என் காரோசை கேட்டால் அச்சத்தில் சிறுநீர் வந்தது. தோர்ன்டைக்கின் விளைவு விதியையும் மனனம் செய்திருந்தேன். ஒரு செயலை உறுதிப்படுத்த வெகுமதிக்கு இருக்கும் வலிமை, அதை அழிக்கத் தண்டனைக்கு இல்லை என்று 1930-களில் அவரே தம் விதியைத் திருத்திக்கொண்டார். தேர்வில் எழுதியது வீட்டில் கைகொடுக்கவில்லை. சான்றிதழ் மட்டும் சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது.

அடியை விட்ட பின் செய்தவை எளியவை. உணவை நேரம் தவறாமல் கொடுத்தோம். நேரத்திற்கு உண்ணும் குட்டி நேரத்திற்குக் கழிக்கும். தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் முற்றத்தின் ஒரே மூலைக்குத் தூக்கிச் சென்று காத்திருந்தோம். கழித்து முடித்த அந்த நொடியில் பாராட்டி, அவித்த கோழியில் நகமளவு கொடுத்தோம். உள்ளே வந்த பிறகு கொடுத்தால் பயனில்லை. உள்ளே வந்ததற்கான பரிசு என்றே அது எண்ணிக்கொள்ளும். வீட்டுக்குள் தவறு நேர்ந்தால் பேசாமல் துடைத்துவிட்டோம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. ஆதலால் நள்ளிரவிலும் ஒருமுறை எழ வேண்டியிருந்தது. என் மேலிருந்த அச்சம் தீரத்தான் அதிக நாளாயிற்று. ஏறத்தாழ நான்கு மாதம்.

"அது குற்ற உணர்ச்சியோடு விழிக்கிறதே, தவறு அதற்குத் தெரிகிறதல்லவா?" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதை ஆராய்ந்து எழுதினார். தின்னக்கூடாததைத் தின்ற நாயும் தின்னாத நாயும், உரிமையாளர் கடிந்துகொண்டபோது அதே முகத்தைத்தான் காட்டின. 'முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இவன்தான் செய்திருப்பான்' என்று வகுப்பில் நான் எத்தனை பேரை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. கணக்கைத் தவறாகச் செய்துவிட்டுப் புத்தகத்தை மேசைக்கடியில் ஒளிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் எனக்கு வாய்ப்பார்கள். காலணி அடுக்கின் கதைக்குப் பின் அந்தப் புத்தகங்களை நான் வேறு விதமாகக் கேட்டு வாங்குகிறேன்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். பார்வோ கிருமி தடுப்பூசி இல்லாத குட்டியை எளிதில் கொன்றுவிடும். அதுவரை பொதுத் தரையில் குட்டியை இறக்க வேண்டாம். பக்கத்து வீட்டார் முஸ்லிம்களாக இருக்கும் நம் குடியிருப்புகளில், நம் நாய் நம் வேலிக்குள் இருப்பது எப்படியும் மரியாதைதான். ஆனால் குட்டியைக் கூண்டில் அடைத்துவைக்கவும் கூடாது. ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் 1965-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் வரை குட்டி காண்பதும் கேட்பதும்தான் அதன் பின்னாளைய இயல்பைப் பெரிதும் முடிவு செய்கின்றன. தூக்கிக்கொண்டு நடங்கள். மழை, மோட்டார் சைக்கிள், குடை, குழந்தையின் அழுகை ஆகிய அனைத்தையும் உங்கள் கைக்குள் இருந்தபடியே அது அறிந்துகொள்ளட்டும்.

பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அது இருந்த காலத்தில், "ஏழு ஏ எடுத்தால் நாய்க்குட்டி" என்று வாக்களித்த வீடுகள் உண்டு. பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அந்தக் குட்டிகளுள் சில கைமாறின. சில இரவில் உணவுக்கடை ஓரங்களில் இறக்கிவிடப்பட்டன. தேர்வு போய்விட்டது, வழக்கம் போகவில்லை, பிறந்தநாள் பரிசாகத் தொடர்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பலாம், பாராட்டலாம், விளையாடலாம். ஊசித் தேதியை நினைவில் வைப்பதும் இரவில் எழுவதும் அந்த வயதின் வேலையல்ல. குட்டியைப் பிள்ளைக்காக வாங்குவதாகச் சொன்னாலும், வளர்க்கப்போவது பெரியவர்தான் என்பதை வாங்கும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இறுதியில், "எல்லாம் சரி சார், இரவு இரண்டு மணிக்கு யார் எழுவது?" என்றார்.

"நீங்கள்தான்" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அவித்த கோழியில் உப்புப் போடலாமா என்று கேட்டார்.