முதல் காசு கதவுக்கு, கடைசிக் காசு டிக்கிக்கு



"சார், பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கேன். 10,000 ரூபாய்க்குள்ள நல்ல மியூசிக் சிஸ்டம் போடணும், என்ன வாங்கலாம்?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்டவர்களில் ஒருவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். தினம் 12 மணி நேரம் காரிலேயே இருப்பவருக்குப் பாட்டு ஆடம்பரம் கிடையாது. காரும் தவணையில் ஓடுகிறது. அந்தப் பத்தாயிரம் வீணாகக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பௌதிக வாத்தியார் என்பதால் பாடம் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான்: முதல் காசை முன் கதவுகளில் போடுங்கள். டிக்கியில் வைக்கிற பெரிய பாஸ் பெட்டி கடைசியாக வரட்டும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். டிக்கி அதிர்கிறது, பின்னால் வரும் பைக்காரருக்கு "டும் டும்" கேட்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

முதலில் வாட்ஸ் கணக்கு. ஸ்டீரியோ பெட்டியில் "50 வாட்ஸ் x 4" என்று போட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும், ஸ்பீக்கர் 4 ஓம்ஸ். வோல்டேஜை வர்க்கப்படுத்தி ஓம்ஸால் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வருகிறதா? பெட்டியில் இருக்கும் 50 அந்த உச்சக் கணக்குதான். ஆனால் சீராக ஏறி இறங்கும் அலைக்கு அதில் பாதி, 26. உள்ளே ஆகும் நஷ்டம் போக 20 வாட்ஸை ஒட்டி வந்தாலே நல்லது. பெரிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

20 வாட்ஸ் போதுமா? ஒரு காருக்குள் தாராளமாகப் போதும், ஸ்பீக்கர் சரியாக இருந்தால். ஸ்பீக்கர் அட்டையில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் டெசிபலில் இருக்கும். 87 உள்ளதைவிட 90 உள்ளது, பாதி வாட்ஸிலேயே அதே சத்தத்தைக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபையர் வாங்காமல் ஸ்டீரியோவிலேயே ஓட்டப் போகிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது கதவு. வீட்டில் பெட்டியில்லாத பழைய ஸ்பீக்கர் இருந்தால், அதைக் கையில் பிடித்துப் பாட்டு ஓட விடுங்கள். தகரச் சத்தம்தான் வரும். ஒரு பெரிய அட்டையில் அதன் அளவுக்கு ஓட்டை வெட்டிப் பொருத்துங்கள். பாஸ் வந்துவிடும். காரணம், கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அட்டை அதைத் தடுக்கிறது. கார் கதவின் உள்தகட்டிலும் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை அடைத்து, தகட்டில் டேம்பிங் ஷீட் ஒட்டினால், ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்தே கூடுதல் பாஸ் கிடைக்கும். கதவு கடகடப்பதும் ரோட்டுச் சத்தமும் குறையும். கதவின் அடியில் மழைநீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், தகடு துருப்பிடிக்கும்.

என் பங்கீடு: பழைய ஸ்டீரியோ ஒழுங்காக ஓடுகிறதென்றால் அதை மாற்ற வேண்டாம். பட்ஜெட்டில் பாதிக்குமேல் ஒரு ஜோடி நல்ல முன் ஸ்பீக்கருக்கு. ட்வீட்டர் தனியாக வரும் காம்பொனென்ட் செட்டாக இருந்தால் உத்தமம். கால் பங்கு டேம்பிங் ஷீட்டுக்கு. மீதி வயர், கப்ளர், கூலி. பின் ஸ்பீக்கர்கள் இருப்பதே போதும். கச்சேரி கேட்கப் போனால் மேடைக்கு முதுகைக் காட்டியா உட்காருகிறோம்?

"பாஸ் இல்லாம பாட்டா சார்?" என்பீர்கள். நியாயம்தான். இளையராஜா பாடல்களின் பாஸ் கிட்டாரைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அந்தக் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். கதவு ஸ்பீக்கர் அவ்வளவு ஆழம் இறங்காது. ஆனாலும் அந்தச் சுரத்தின் மேல் அதிர்வுகளை வைத்தே நம் காது மெட்டைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் போதாது என்றால், அடுத்த வருடம் சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்ன சப்வூஃபர் ஒன்று வாங்குங்கள். குரல் தெளிந்த பிறகு பாஸ் சேர்ப்பது சுலபம்.

காசில்லாத ஒரு சோதனையும் உண்டு. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் பாஸ் காணாமல் போகும். கதவு ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே வரவேண்டும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

எதில் சிக்கனம் பிடித்தாலும் ஃபியூஸில் பிடிக்காதீர்கள். பிற்பாடு ஆம்ப்ளிஃபையர் போட்டால், பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுப்பார்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் அந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். வயர் இன்ஜின் பக்கத்துத் தகட்டில் உரசி, தோல் பிய்ந்து பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்து பயனில்லை, பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். வயர் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வாஷர் வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று இந்த இரண்டையும் கண்ணால் பாருங்கள். கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் போடச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 12 மணி நேரம் வண்டி ஓட்டும் பிள்ளைக்கு 90 டெசிபலில் அந்த வாரக் கணக்கு முதல் நாள் காலையிலேயே தீர்ந்துவிடும். கதவுக்கு ஷீட் ஒட்டச் சொல்வதற்கு இதுவும் காரணம். ரோட்டுச் சத்தம் குறைந்தால் பாட்டைக் குறைத்து வைத்தே கேட்கலாம். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் ஹாரனும் காதில் விழும்.

கார் எந்த மாடல், கையில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தத் தொழிலிலேயே இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.