ஒரு பல் தள்ளிப்போன வண்டி

செம்பனார்கோவில் பக்கத்துக் கிராமம் அது. தாழ்வாரத்தில் விதைநெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், நாலு மாதமாகச் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது ஒரு ஹீரோ ஹோண்டா சிடி 100. ஒரு சம்பா அறுவடைப் பணத்தில் வீட்டுப் பெரியவர் வாங்கிய வண்டி. வயலுக்கு, உரக்கடைக்கு, மகனின் பள்ளிக்கூடத்துக்கு, மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது.

ஆனி மாதத்தில் புகை தள்ள ஆரம்பித்தது. பட்டறையில் விட்டார்கள். போர் போட்டு, பிஸ்டன், ரிங், டைமிங் செயின் எல்லாம் புதிதாக மாற்றி வண்டி வீட்டுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து வேறு நோய். இருபது உதை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆனாலும் இழுக்காது. வாய்க்கால் பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். சைலன்சருக்குள் 'டப் டப்' என்று வெடிக்கும். இரண்டாவது பட்டறையில் கார்பரேட்டரை மாற்றினார்கள். மூன்றாவது பட்டறையில் காயில், பிளக் எல்லாம் மாற்றினார்கள். கடைசியில் மூன்று இடத்திலும் ஒரே தீர்ப்பு: "இன்ஜின் முடிஞ்சு போச்சுங்க. காயலான் கடைல போட்டுருங்க."

காயலான் கடைக்காரரும் வந்து பார்த்துவிட்டு, கிலோ கணக்கில் ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. சாக்கை மட்டும் இழுத்துச் சரியாகப் போர்த்தினார்.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் கடைமுகத்துக்கு ஊருக்கு வந்திருந்தான். ஐப்பசி கடைசி நாளில் மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் முழுக்குப் போட ஊரே திரண்டிருக்க, அவன் வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றி, பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுபோனான்.

மெக்கானிக் இரண்டு முறை கிக்கரை மிதித்துப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். கார்பரேட்டர் பக்கம் கையே போகவில்லை.

"தம்பி, கடைசியா ஹெட்டைக் கழட்டினது எப்ப?"

"போர் போட்டப்பதாண்ணே. அதுக்கப்புறம் யாரும் தொடலை."

"அப்ப மொதல்ல மார்க்கைப் பாத்துருவோம்."

அது என்ன மார்க்?

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் நடப்பது மூச்சு விடுவது போன்ற வேலை. ஒரு வால்வு திறந்து பெட்ரோலும் காற்றும் கலந்ததை உள்ளே விடுகிறது. இரண்டு வால்வும் மூடிக்கொள்ள, பிஸ்டன் அதை அழுத்துகிறது. பிளக் பொறி வைக்க, வெடித்துப் பிஸ்டனைத் தள்ளுகிறது. அடுத்த வால்வு திறந்து புகையை வெளியே அனுப்புகிறது. பிஸ்டனை ஆட்டுவது கிராங்க். வால்வுகளைத் திறப்பது ஹெட்டுக்குள் இருக்கும் கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்த இரண்டையும் கட்டிப்போட்டு வைத்திருப்பதுதான் கேம் செயின். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெயர் டைமிங் செயின்.

வேகமாக ஓட்டும்போது இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. இதில் செயின் ஒரே ஒரு பல் மாறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? கேம் ஸ்பிராக்கெட்டில் 28 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்லுக்குக் கேமில் ஏறக்குறைய 13 டிகிரி. கிராங்க் கணக்கில் அது இரட்டிப்பாகி 26 டிகிரி வருகிறது. மூட வேண்டிய வால்வு இன்னும் திறந்தே இருக்கும். திறக்க வேண்டியது மூடியிருக்கும். அழுத்தம் கசிந்துபோகும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் இழுக்காது. இதுதான் இந்தக் கோளாறின் கெட்ட குணம். அடியோடு நின்றுபோனால் ஒழுங்காகத் தேடுவார்கள். அரைகுறையாக ஓடுவதால் கார்பரேட்டர், பிளக், காயில் என்று சந்தேகம் ஊரெல்லாம் சுற்றிவருகிறது. இரண்டு மூன்று பல் மாறினால் இன்னும் மோசம். திறந்திருக்கும் வால்வின் தலையில் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்தே போகலாம்.

பழைய வண்டி என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் புல்லட் நினைவு வரும். சென்னைத் திருவொற்றியூரில் உருவான அந்தப் பழைய 350 புல்லட்டில் இந்தச் செயினே கிடையாது. அதில் கிராங்கிலிருந்து கேமுக்குப் பல்சக்கரங்கள்தான். அவற்றில் புள்ளியும் கோடும் போட்டிருப்பார்கள், புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்டினால் வேலை முடிந்தது. வால்வைத் தள்ளுவதற்கு நீளமான கம்பிகள் உண்டு. 2023-ல் வந்த புது புல்லட் 350-ல்தான் ஹெட்டில் கேமும் அதற்கொரு செயினும் வந்தன. ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 எல்லாம் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் கேமும் இல்லை, செயினும் இல்லை. வயல்காட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்கூட 2015-ல் எக்ஸ்எல் 100 வரும்வரை அந்த ஜாதிதான்.

ஆகவே, டெல்டாவின் சாதாரண வீடுகளுக்குள் டைமிங் செயினைக் கொண்டுவந்த வண்டி என்று சிடி 100-ஐத்தான் சொல்ல வேண்டும். 1985-ல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து வந்தது. 97.2 சிசி, 50 மில்லிமீட்டர் போர், 49.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். படுத்தவாக்கில் இருக்கும் அந்த இன்ஜின், ஹோண்டாவின் சூப்பர் கப் வம்சத்தில் வந்தது. பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தார்கள். மறந்தும் போனார்கள். இருபது வருஷம் ஹெட்டையே கழற்றாத வண்டிகள் உண்டு. கழற்றிய பிறகுதான் பிரச்னையே ஆரம்பிக்கிறது.

(சட்டத்தின் கண்ணில் சிடி 100 இன்னும் 'விண்டேஜ்' இல்லை. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டினால்தான் அந்தப் பட்டம். அதற்கு 2035 வரை காத்திருக்க வேண்டும்.)

ஷெட்டில் மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்தார். அப்போதுதான் இன்ஜினைக் கையால் லேசாகச் சுற்ற முடியும். இடப்பக்கம் மேக்னெட் மூடியையும், ஹெட்டின் இடப்பக்க மூடியையும் திறந்தார். மேக்னெட் நட்டில் ஸ்பேனரைப் போட்டு, வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில், மெதுவாகத் திருப்பினார்.

மேக்னெட்டின் விளிம்பில் இரண்டு குறிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 'எஃப்' என்பது பொறி விழும் இடம். 'டி' என்பது பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்ட இடம். அவசரத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். எஃப்-ஐப் பார்த்துவிட்டு டி என்று நினைத்துச் செயினை மாட்டிவிடுவார்கள். 'டி' கோடு இன்ஜின் உடம்பில் இருக்கும் குறிக்கு நேராக வர வேண்டும். அதே நேரத்தில் மேலே கேம் ஸ்பிராக்கெட்டில் இருக்கும் சின்ன வட்டக் குறி, ஹெட்டில் இருக்கும் வெட்டுக்கு நேராக வர வேண்டும்.

"இங்க பாரு தம்பி."

கீழே 'டி' கச்சிதமாக நேராக நின்றது. மேலே வட்டக் குறி வெட்டைத் தாண்டி ஒரு பல் தள்ளி நின்றது.

"இன்னொரு சுத்து சுத்திப் பாக்கலாமாண்ணே? வட்டம் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதானே வரும்?"

மெக்கானிக் சிரித்தார். பையன் விஷயம் தெரிந்தவன். சுற்றிப் பார்த்தார்கள். வட்டம் எதிர்ப்பக்கம் போனது. இன்னொரு சுற்று. மறுபடியும் அதே இடம், அதே ஒரு பல். சந்தேகமே இல்லை.

மூன்று பட்டறை, ஒரு புது கார்பரேட்டர், ஒரு காயில், நாலு மாதம். நோய் இந்தச் சின்ன வட்டத்தில் இருந்திருக்கிறது.

செயினைச் சரியாக மாட்டுவதில் தந்திரம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் ஒரு துணியைச் சுருட்டிச் செயின் இறங்கும் பள்ளத்தை அடைத்தார். ஒரு போல்ட் கைதவறி உள்ளே விழுந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். ஸ்பிராக்கெட்டைக் கழற்றுவதற்கு முன் செயினில் ஒரு கம்பியைக் கோத்துக் கட்டினார். இல்லாவிட்டால் அதுவும் கிணற்றுக்குள் வாளி போல உள்ளே போய்விடும். பிறகு டென்ஷனரைத் தளர்த்தினார். இன்ஜினின் அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்தால் ஸ்பிரிங்கும் தள்ளுகம்பியும் கூடவே எண்ணெயும் வரும். ரப்பர் ரோலரை விரலால் தடவிப் பார்த்தார். பழைய ரோலர் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. புதுச் செயின் போட்டவர்கள் ரோலரை மாற்றவில்லை. பல பேர் செய்கிற சிக்கனம் இது. செயின் புதிது, அதை இழுத்துப் பிடிப்பது பழசு என்றால் 'கரகர' சத்தம் வந்தே தீரும். ரோலர்களையும் மாற்றினார்.

மறுபடி 'டி' நேராக. ஸ்பிராக்கெட்டைச் செயினில் கோத்து, டென்ஷனர் இல்லாத பக்கத்துச் செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து, தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கமே வரும்படி வைத்து, வட்டத்தை வெட்டுக்கு நேராக்கினார். இந்தத் தொய்வைக் கவனிக்காமல் மாட்டினால்தான், போல்ட் முடுக்கும்போது நேராக இருந்த குறி டென்ஷனர் அழுத்தியதும் ஒரு பல் ஓடிவிடுகிறது. முதல் பட்டறையில் நடந்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

"அழுத்துற ஸ்ட்ரோக்ல வெக்கணும்னு சொல்றாங்களேண்ணே, அது எப்படித் தெரியும்?"

"கிராங்குக்கு அது தெரியாது தம்பி. அதுக்கு மேல வந்தோம், கீழ போனோம், அவ்வளவுதான். எந்த ஸ்ட்ரோக்குன்னு முடிவு பண்றது கேம்தான். வட்டம் நேரா இருந்தா அது அழுத்துற ஸ்ட்ரோக். ரெண்டு ராக்கரும் ஆட்டம் குடுக்கும், தொட்டுப் பாரு."

பையன் தொட்டுப் பார்த்தான். இரண்டும் லேசாக ஆடின.

போல்ட்டுகளை முடுக்கி, டென்ஷனரை மாட்டி, அதற்கு எண்ணெய் விட்ட பிறகும் மெக்கானிக் மூடியைப் போடவில்லை. ஸ்பேனரைப் பையன் கையில் கொடுத்தார்.

"முழுசா ரெண்டு சுத்து. கையால. எங்கயாவது தட்டுச்சுன்னா நிறுத்திரு, பலம் குடுக்காத."

இந்த இரண்டு சுற்றை விட்டுவிட்டுக் கிக்கரை மிதிப்பவர்கள்தான் வால்வை வளைப்பவர்கள். கையால் சுற்றும்போது வால்வு பிஸ்டனில் முட்டினால் விரலுக்குத் தெரியும். கிக்கரை மிதிக்கும் காலுக்குத் தெரியாது. பையன் சுற்றினான். எங்கும் தட்டவில்லை. இரண்டாவது சுற்றின் முடிவில் கீழே டி நேர், மேலே வட்டம் நேர். அதன் பிறகு டேப்பட் இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே வைத்தார்கள். மூடி, பேக்கிங், பிளக்.

இதற்குள் பொழுது சாய்ந்து மழையும் பிடித்துக்கொண்டது. கடைமுக முழுக்குத் தவறிப்போனது. மறுநாள் கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு. ஐப்பசி முடிவதற்குள் காவிரிக்கு வந்து சேர முடியாத ஒரு முடவனுக்காக இறைவனே ஒரு நாள் கூடுதலாகத் தந்தார் என்பது மயிலாடுதுறைக் கதை. ஆற்றில் ஒரு நாள் தாமதத்துக்கு மன்னிப்பு உண்டு. இன்ஜினில் ஒரு பல்லுக்குக் கிடையாது.

வண்டி இரண்டாவது உதையில் எழுந்தது.

மகன் அதை ஓட்டிக்கொண்டே ஊருக்குப் போனான். வாய்க்கால் பாலத்தை மூன்றாவது கியரிலேயே ஏறியது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு, வண்டி தெருமுனை திரும்பும் முன்பே சத்தம் கேட்டுவிட்டது. எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"என்னடா ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. செயின் ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்காங்க."

"ஒரு பல்லா?"

"ஒரே ஒரு பல்லுதாம்ப்பா."

பெரியவர் தரையில் கிடந்த சாக்கை எடுத்து உதறி, மடித்து, நெல் மூட்டைகளின் மேல் வைத்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஏய், காலைல சீக்கிரம் எந்திரி. துலாக்கட்டத்துக்குப் போயி முழுகிட்டு வந்துருவோம். வண்டியிலயே போயிரலாம்."