ஒற்றை நத்தையின் குடும்பம்

மீன் தொட்டிக்கென வாங்கிய நீர்ச்செடியோடு ஒரேயொரு சிறுநத்தை வந்து சேர்கிறது. சில வாரங்களிற் கண்ணாடியெங்கும் பசைபோன்ற முட்டைத் திரள்கள்! துணையின்றி இஃது எங்ஙனம் என மாணவர் வியப்பதுண்டு.

இடம்புரி ஓடுடைய இந்த ஃபைசா நத்தை, வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. ஆண்மையும் பெண்மையும் ஓருடலில் அமைந்த இருபாலி. ஒரே சுரப்பி விந்தணுவையும் முட்டையையும் தோற்றுவிக்கிறது. இணைசேர்ந்து பெற்ற விந்தணுக்களுட் பலவற்றை ஒரு பையிற் சேர்த்துச் செரித்துவிடும். எஞ்சியவற்றை உயிரோடு காத்து, பின்னர் இடும் முட்டைகளைக் கருவுறச் செய்யும். துணையே வாய்க்காவிடின், சிலகாலம் பொறுத்திருந்து தன் விந்தாலேயே கருவுறும்.

நம் நாட்டு ஈரவலய ஓடைகளிற் பாறைகளைப் பற்றி வாழும் பலுடோமஸ் நத்தைகளோ வேறு வகையின. அவற்றுட் பல இனங்கள் இலங்கைக்கே உரியன. அவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் கூடினாலன்றி வமிசம் இல்லை.

ஹட்டன் பகுதி மலைகளில் ஓடிவரும் மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கை பிறக்கிறது. தோட்டத்து ஓடையில் விடுவது கீழ்நாடு வரை செல்லும். ஆதலின் தொட்டி நீரைப் பீலிக்கரையில் ஊற்றாது, காய்கறிப் பாத்தியில் ஊற்றுவோம். ஒரு நத்தைதானே என்று எண்ணவேண்டா. அந்த ஒன்றே ஒரு குடும்பம்.