கோகோபீட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி வாசல்ல எரியுற இலையைப் பாருங்க! - கோவை மணல் மண்ணுக்கு எது சரியான மூடாக்கு?

காலை ஆறரை மணிக்கு எங்க தெருவுல புங்க மர இலைகளைக் கூட்டிக் குவிச்சு, யாராவது ஒருத்தர் தீக்குச்சி கிழிப்பாங்க. பத்து மணிக்கு டெலிவரி தம்பி வந்து, நாலாவது வீட்டுல 5 கிலோ கோகோபீட் கட்டியை இறக்கிட்டுப் போவாரு. மண்ணை மூட வேண்டியது புகையாப் போகுது. 40 கிலோமீட்டர் தள்ளி பொள்ளாச்சியில கிடைக்கிறது, எங்கெங்கேயோ சுத்தி பிளாஸ்டிக் கவர்ல வந்து சேருது.

அந்த நாலாவது வீடு எங்க வீடுதான். அதனால யாரையும் குத்தம் சொல்ற இடத்துல நான் இல்லை.

கோவைன்னா கரிசல், பருத்தின்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்போம். ஆனா சூலூர், பல்லடம் பக்கம் போனா செம்மண்ணும் மணலும் கலந்த நிலம் நிறைய. கையில எடுத்தா விரலிடுக்குல ஒழுகும், நடுவுல வெங்கச்சாங்கல் குத்தும். இது போதாதுன்னு, புதுசா வந்த லே-அவுட் வீடுகள்ல காம்பவுண்டுக்குள்ள இருக்கிறது மண்ணே இல்லை. கிராவல் கொட்டி மேடாக்கி, கட்டட வேலையில மிச்சமான எம்-சாண்டை மேல இழுத்துவிட்டு, "தோட்டத்துக்கு இடம் விட்டிருக்கோம்"னு சாவியைக் கொடுத்துடுவாங்க. அதுலதான் நாம தக்காளி நடணும்.

தண்ணி ரெண்டு வழியில ஓடுது

ஒரு அடி ஆழத்துக்கு மணல் மண், செடி எடுத்துக்கக்கூடிய தண்ணியா பிடிச்சு வைக்கிறது சுமார் 2 செ.மீ. அளவுக்குத்தான். களி கலந்த மண்ணா இருந்தா அதுவே 5 செ.மீ. வரை நிக்கும். காலையில குடம் குடமா ஊத்தினாலும் மத்தியானம் கத்தரிச் செடி தலையைத் தொங்கப்போடுறது இதனாலதான்.

இங்கதான் பலரும் குழம்புறோம், நானும் குழம்பினேன். மணல்ல தண்ணி ரெண்டு வழியில போகுது. மேல வெயில் உறிஞ்சிக்கிறது ஒண்ணு. வேருக்குக் கீழ வடிஞ்சு போறது இன்னொண்ணு. மூடாக்கு அடைக்கிறது மேல் வழியை மட்டும். மண்ணு மேல நிழல் விழும், சூடு குறையும், ஆவியாப் போறது குறையும், களையும் அவ்வளவா முளைக்காது. ஆனா கீழ வடியறதை மூடாக்கால நிறுத்த முடியாது. அதுக்கு மண்ணுக்குள்ளேயே மக்கின பொருள் கலந்திருக்கணும்: தொழுவுரம், மண்புழு உரம், மக்க வெச்ச தென்னை நார்க்கழிவு. மணல் மண்காரங்களுக்கு உள்ளேயும் வேலை இருக்கு, மேலேயும் வேலை இருக்கு. மேல போடுறது மக்கி மக்கி உள்ள இறங்கும். அதுக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும்.

நான் பண்ணின தப்பு, கோகோபீட்டையே ரெண்டு விரல் தடிமனுக்கு மேல பரப்பினது. முதல் வாரம் பார்க்க அழகா இருந்துச்சு. ரெண்டாவது வாரம் காஞ்சு, லேசாகி, காத்துல பறந்து அடுத்த வீட்டு காயப்போட்ட துணியில ஒட்டிச்சு. மிச்சம் இருந்தது தண்ணி ஊத்தினா உடனே உறிஞ்சாம மேலேயே உருண்டு ஓடுச்சு. நல்லாக் காஞ்ச நார்த்தூள் அப்படித்தான், மறுபடி நனைய நேரம் எடுக்கும். ஊறினா தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வைக்கும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அது மண்ணுக்குள்ள இருக்க வேண்டிய பொருள். போர்வையா போர்த்துறதுக்கு அதைவிட நல்ல சரக்கு நிறைய இருக்கு.

கட்டிக்குப் பின்னாடி ஒரு கிணறு

அந்தக் கட்டியின் கதையைக் கொஞ்சம் பார்க்கணும். தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு உதிர்ற தூள்தான் இது. பொள்ளாச்சி, காங்கயம் பக்கத்து மஞ்சி மில்களைச் சுத்தி ஒரு காலத்துல மலை மலையா கிடந்த குப்பை. யாருக்கும் வேண்டாம். மழை பெய்ஞ்சா பழுப்புத் தண்ணி ஓடும், வெயில்ல தீப்பிடிக்கும். இன்னைக்கு இந்தியாவின் தென்னை நார்ப் பொருள்கள் ஏற்றுமதியில் பெரிய பங்கு இந்தத் தூளுக்குத்தான்.

காரணம் ஐரோப்பா. அங்கே தோட்டக்காரர்களும் பசுமைக்குடில்காரர்களும் காலங்காலமா பயன்படுத்தியது பீட் எனும் சதுப்பு நிலக் கரிமண். அதைத் தோண்டினால் பல நூற்றாண்டுகளாக நிலத்தில் புதைந்து கிடந்த கார்பன் வெளியேறும். பிரிட்டன் அரசு, வீட்டுத் தோட்டத்துக்கு பீட் விற்பதைத் தடை செய்யப்போவதாக 2022-ல் அறிவித்தது. மாற்றாக அவர்கள் கண்ணில் பட்டதில் முக்கியமானது நம்ம ஊர் நார்த்தூள். 'கோகோ-பீட்'னு பேர் வந்ததே அப்படித்தான்.

ஆனால் தூளை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. மட்டையில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு. அந்த உப்பு இளம் வேர்களைக் கருக்கிவிடும். வெளிநாட்டு வாங்குபவர்கள் உப்பு குறைந்த சரக்கு கேட்கிறார்கள். அதற்குத் தூளை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவின தண்ணி எங்கே போகும்? களத்துல வடிஞ்சு மண்ணுக்குள்ள போகும். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, ஆனைமலை வட்டாரக் கிராமங்கள்ல கிணத்துத் தண்ணி நிறம் மாறுது, உப்பு ஏறுதுன்னு வந்த புகார்களுக்குப் பின்னணி இதுதான். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 நவம்பரில் தென்னை நார்த் தொழிற்சாலைகளை, மாசு குறைந்த 'வெள்ளை' வகையிலிருந்து 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. தொழில் செய்றவங்க கொதிச்சுப் போனாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு: பெரும்பாலானவை சிறு மில்கள், வேலை பார்க்கிறவங்கள்ல பெண்கள் அதிகம், கழுவாம நார் மட்டும் எடுக்கிற மில்லும் தூளைக் கழுவுற களமும் ஒண்ணு இல்லை. எல்லாருக்கும் ஒரே நிறத்தைப் பூசினது சரியான்னு கேட்டா, எனக்கும் அது சரியாப்படலை.

ஆனா கோவையில ஒரு 10-க்கு 3 அடி பாத்தி வெச்சிருக்கிற நாம, 'லோ இ.சி., மூணு தடவை கழுவியது'ன்னு பாக்கெட்ல தேடித்தேடி வாங்கும்போது, அந்த மூணு தடவைக்கான தண்ணி நம்ம பக்கத்து ஊர்க் கிணத்துலேர்ந்துதான் போகுது. விதை முளைக்கிற தட்டுக்கும் தொட்டிக்கும் கழுவினது வேணும், ஒத்துக்கறேன். தரையில பரப்புறதுக்கு எதுக்கு?

அப்போ எதைப் போடுறது?

வாசல் இலையைத்தான். புங்கன், வாகை, தூங்குமூஞ்சி, பூவரசு எல்லாமே நல்ல சரக்கு. சின்ன இலைகள் சீக்கிரம் மக்கும். வேப்பிலையும் தாராளமா போடலாம். தைல மரத்து இலையை மட்டும் நாத்துப் பக்கம் கொண்டு போகாதீங்க, முளைப்பைக் கெடுக்கும்.

பத்தடி பாத்தியை நாலு விரல் தடிமனுக்கு, அதாவது சுமார் 8 செ.மீ. உயரத்துக்கு மூட, 220 லிட்டர் அளவு சருகு வேணும். சிமென்ட் சாக்குல அடைச்சா ஆறேழு சாக்கு. அதையே கோகோபீட்ல செய்யணும்னா 5 கிலோ கட்டி மூணு தேவைப்படும். சருகு ஒரு மாசத்துல பாதியா அமுங்கிடும், மறுபடி மேல போடணும். எங்க தெருவுல ஒரு வாரத்துல எரியுறது இதைவிட ஜாஸ்தி.

பிரச்னை காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில வர்ற காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாங்க, சருகு எம்மாத்திரம்? அதனால இங்க மூடாக்கை ரெண்டு அடுக்கா போடணும். கீழ சருகு, மேல கனமானது ஏதாவது. தென்னை ஓலையை ரெண்டடித் துண்டா வெட்டி குறுக்கும் நெடுக்கும் வைக்கலாம், கரும்புச் சோகை கிடைச்சா இன்னும் நல்லது. வாழைச் சருகும் மட்டையும் எந்த வாழைத் தோட்டத்துலயும் இலவசம்தான். சோளத்தட்டு மட்டும் கேட்காதீங்க. நான் ஊருக்குப் போனப்போ ஒரு கட்டு கேட்டுட்டு, அம்மிச்சிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். "ஏங் கண்ணு, தட்டு மாடு திங்கறதுக்கு. மண்ணுக்குப் போடறதுக்கு ஊருக்குள்ள வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

தேங்காய் மட்டை நம்ம ஊருக்குன்னே அமைஞ்ச மூடாக்கு. தென்னைக்குக் கோடையில் ஈரம் காக்க, மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு 100 மட்டைகளை முதுகு மேலே தெரியும்படி கவிழ்த்து அடுக்கலாம், அல்லது 15 காய்ந்த ஓலைகளைப் பரப்பலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. நம்ம சின்னப் பாத்திக்கும் அதே முறைதான், எண்ணிக்கை மட்டும் குறையும். கவிழ்க்கிறதை மறந்துடாதீங்க. மல்லாத்தி வெச்சா மழைத்தண்ணி தேங்கி டெங்கு கொசு குடும்பம் நடத்தும். மண்ணுக்குள்ள புதைக்கிறப்போ மட்டும் நேர் எதிர்: குழி மேல் பக்கம் பார்த்து இருக்கணும், அது வேருக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். மேல நான் சொன்ன 'கீழ் வழி'யை அடைக்க இது ஒரு எளிய வழி.

மரத்தூளும் பச்சை நார்த்தூளும் மேல கிடந்தா பெரிய தொந்தரவு இல்லை. கிளறி மண்ணுக்குள்ள கலந்துட்டா வம்பு. மக்காத நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் சுமார் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மணல்ல அது ஏற்கெனவே குறைவு, செடி வெளுத்துடும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி மக்கவெச்சா அந்த விகிதம் 24-க்கு 1-ஆ இறங்கும். அதுக்கப்புறம் தாராளமா கலக்கலாம்.

போடுற முறையில கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். முதல்ல மண்ணை நல்லா நனைச்சுட்டு மூடுங்க. காஞ்ச மணலை மூடினா அது காஞ்சே கிடக்கும். தண்டிலிருந்து மூணு விரல் தள்ளிப் போடுங்க, இல்லைன்னா அழுகும். சொட்டுநீர்க் குழாய் இருந்தா அது மூடாக்குக்குக் கீழ போகணும். கனமான மூடாக்கு, ஆடிச் சாரல் மாதிரி சின்ன மழையைத் தானே குடிச்சுடும், மண்ணுக்கு ஒரு சொட்டும் வராது. அதனால மழை தூறிச்சேன்னு தண்ணி விடுறதை நிறுத்தாம, விரலை உள்ள விட்டுப் பாருங்க. ஐப்பசி அடைமழையில அதே மூடாக்கைக் கொஞ்சம் விலக்கணும், அடியில நத்தை சேரும். வீட்டுச் சுவரை ஒட்டிப் போட வேண்டாம், செம்மண் பூமியில கறையான் வரும். தென்னை இருக்கிற இடத்துல எருவையும் தூளையும் குவியலா விட்டா காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், பரப்பிடுங்க.

இடம் கொஞ்சம் பெருசா இருந்தா உயிர் மூடாக்கு போடலாம். கொள்ளும் தட்டைப்பயறும் நம்ம செவக்காட்டுப் பயிர்கள்தானே. புரட்டாசியில விதைச்சா தரையை மூடும், வேர் மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும். காய்ச்சா ரசத்துக்கு ஆச்சு.

வயல்கள்ல வெள்ளி-கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. தக்காளி, தர்பூசணிக்கு மானியமும் உண்டு. களை எடுக்க ஆள் கிடைக்காத விவசாயிக்கு அது பெரிய உதவி, அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா 25, 30 மைக்ரான் ஷீட் நம்ம வெயில்ல நைஞ்சு, கிழிஞ்சு, துணுக்கு துணுக்கா மண்ணுல தங்குது. மணலுக்கு வேண்டிய மக்குப்பொருள் அதுலேர்ந்து ஒரு கிராம்கூடக் கிடைக்காது. பத்தடிப் பாத்திக்கு அது தேவையே இல்லை.

தீக்குச்சியை யார் கிழிக்கிறாங்க?

தோட்டக் கழிவைத் தெருவில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. கோவை மாநகரில் தினமும் சேரும் குப்பை சுமார் 1,000 டன். 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு ஒரு வாரத்துக்கும் மேலே எரிந்தபோது, சுற்றியுள்ளவர்கள் மூச்சுவிட முடியாமல் தவித்ததைப் பார்த்தோம். மாநகராட்சியின் நுண் உர மையங்களுக்கு இலைச்சருகு போகணும்னா, யாராவது பிரிச்சு, வண்டியில ஏத்தணும். தெருவைக் கூட்டுற அக்காவுக்கு இருக்கிறது ஒரு தள்ளுவண்டி. இலை எடை இல்லை, ஆனா இடத்தை அடைக்கும். அவங்க வண்டி நிறைஞ்சதும் மிச்சத்துக்கு யாரோ தீ வைக்கிறாங்க. அது சில நாள் அக்கா, பல நாள் வீட்டுக்காரங்களேதான்.

போன மாசம் எங்க தெரு அக்காகிட்ட, "இலையைத் தனியா எங்க கேட் ஓரமா விட்டுடுங்கக்கா, நாங்க எடுத்துக்கறோம்"னு சொன்னேன். சாக்கு நான் தரணும்னு சொன்னாங்க, கொடுத்தேன். பிளாஸ்டிக் கவரும் குட்கா பாக்கெட்டும் கலந்துதான் வருது, உட்கார்ந்து பொறுக்கணும். அரை மணி நேரம் ஆகும். எதிர்வீட்டு அங்கிள் ரெண்டு நாள் பார்த்துட்டு, மூணாவது நாள் வந்து ரெண்டு சாக்கு கேட்டார். அவர் வீட்டுல மூணு தென்னை இருக்கு, மண்ணு எங்களைவிட மோசம். இப்போ இலைக்கு எங்களுக்குள்ள போட்டி. இந்த வாரம் எனக்குக் கிடைச்சது மூணு சாக்குதான்.