துடைக்கத் துடைக்கத் தேயும் கார்!

பம்பரில் விழுந்த சிறு சிராய்ப்பைச் சரிசெய்ய, காரை டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார் அந்தக் குடும்பத் தலைவர். கறுப்பு நிற கார். வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. வங்கிக் கடனில் இன்னும் பாதி பாக்கி. மாலை வெயில் பானெட்டின் மேல் சாய்வாக விழுந்தபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது. வெயில் பட்டுத் தெறித்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள்.

“தினமும் காலைல துடைச்சுடறோமே... அப்புறம் எப்படிங்க இது?”

பட்டறையில் பெயின்ட் அடிக்கும் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தினமும் துடைக்கிறதாலதான் சார்!”

பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. காரின் மேல் இருக்கும் பாசத்தாலேயே பெயின்ட்டைப் பாழாக்கிவிடுகிறோம்.

முடியைவிட மெல்லிய கவசம்

இன்றைய கார்களில் நிறம் தரும் பெயின்ட்டுக்கு மேல், ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். 1 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே சராசரியாக 70 மைக்ரான் இருக்கும்!

தெருப் புழுதியில் கலந்திருக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் 10 வரையிலான மோஸ் அளவுகோலில் அது 7. கண்ணாடியையே கீறக்கூடியது. அந்தத் தூசியின் மேல் காய்ந்த துணியை வைத்துத் தேய்த்தால், உப்புத்தாளால் தேய்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலையில் கார் துடைக்க வருபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து, பதினைந்து கார்களை அவர் முடித்தாக வேண்டும். முதல் காரின் மண் கடைசி கார் வரை பயணம் செய்யும். உங்கள் காருக்கென்று தனியாக இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளைக் கொடுத்துவிட்டு, “தினமும் வேண்டாம்ணே, கண்ணாடியை மட்டும் துடைங்க. வாரத்துக்கு ஒரு நாள் தண்ணி ஊத்திக் கழுவினா போதும்” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் வேலை மிச்சம்; சம்பளத்தைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

இரண்டு வாளி போதும்

காரை வீட்டிலேயே கழுவுபவர்கள் அதிகாலையையோ, வெயில் தாழ்ந்த மாலையையோ தேர்ந்தெடுப்பது நல்லது. பானெட்டில் கை வைத்தால் சுடக் கூடாது. சூடான தகட்டில் ஷாம்பு உடனே காய்ந்து கறையாகிவிடும்.

முதலில் சக்கரங்களைக் கழுவிவிடுங்கள். பிரேக் தூசியும் சேறும் அங்கேதான் அதிகம். அதற்கு வேறு துணி, வேறு வாளி. பிறகு கார் முழுவதும் தண்ணீர் ஊற்றி, தளர்ந்த மண்ணை ஓடவிட வேண்டும். இந்த ஒரு வேலையை அவசரப்படாமல் செய்தாலே பாதிக் கீறல்கள் தவிர்ந்துவிடும்.

அடுத்து, ஒரு வாளியில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு நீரில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே மீண்டும் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரையில் தொடங்கி கீழ்நோக்கி வாருங்கள். கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில், அழுத்தாமல் இழுத்தால் போதும். துணி கீழே தரையில் விழுந்துவிட்டால், அன்றைக்கு அதற்கு ஓய்வு!

பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. காரின் மேல் இருக்கும் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழைய வழக்கமும் வேண்டாம். அந்த நேரத்துக்குப் பளபளக்கும். ஆனால் மிஞ்சும் பிசுக்கில் தூசி ஒட்டும், ரப்பர் பாகங்களும் கெடும்.

பறவை எச்சம் விழுந்திருந்தால் கழுவும் நாள் வரை காத்திருக்கக் கூடாது. அதில் உள்ள யூரிக் அமிலம் வெயில் சூட்டில் பெயின்ட்டில் தடம் பதித்துவிடும். சுரண்டாமல், ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, மெதுவாக எடுத்துவிடுங்கள்.

போர் தண்ணீரும் ஏ.சி. தண்ணீரும்

கழுவி முடித்த கார் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிகிறதா? போர் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகளின் வேலை அது. தண்ணீர் தானாகக் காயும் முன்பே சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். படிந்துவிட்ட புதுக் கறைக்கு, வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து தொட்டுத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் கழுவலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் சேமித்து காருக்கு ஊற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால், அதில் உப்பு இன்னும் அதிகம். முதலில் மண்ணை ஓடவிட அதைப் பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு வேண்டாம். அதற்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடித்து வைக்கலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் உப்பு மிகமிகக் குறைவு.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் விளையாட்டல்ல. 2024 மார்ச்சில் பெங்களூரில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு பேசிக்கொண்டிருப்பதைவிட, வாளியில் எடுத்து மக்கால் ஊற்றுவது காருக்கும் போதும், ஊருக்கும் நல்லது.

பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

கடையில் இரண்டையும் ‘பாலிஷ்’ என்றே கேட்டு வாங்குகிறோம். ஆனால், இரண்டும் நேர் எதிரான வேலை செய்பவை.

பாலிஷில் நுண்ணிய உராய்வுத் துகள்கள் இருக்கின்றன. கீறலை அது நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமமாக்குகிறது. ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய கவசத்தில் கொஞ்சம் போய்விடும். போனது திரும்ப வராது. கவசம் தேய்ந்து உரிந்தால், கூரையும் பானெட்டும் வெளிறித் திட்டுத்திட்டாகும். பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. எனவே பாலிஷ் மாதாந்திர வேலை அல்ல. பளபளப்பு உண்மையிலேயே மங்கினால் மட்டும் செய்ய வேண்டும். அதுவும் மென்மையான வகையை, ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகு, இரண்டடிக்கு இரண்டடி பரப்பாகக் கையால் செய்தால் போதும். ‘ரப்பிங் கம்பவுண்டு’ இன்னும் கரடுமுரடானது. அது பட்டறைக்காரர் கையில் இருக்கட்டும்.

வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு மெல்லிய போர்வை போடுகிறது. கார் மெழுகுகளில் புகழ்பெற்ற கார்னாபா, வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து வருகிறது. நம் பனைக்கும் தென்னைக்கும் உறவுக்கார மரம். வறட்சியில் ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரம் தன் ஓலையில் பூசிக்கொள்ளும் மெழுகு அது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் உருகும் என்பதால், நம் ஊர் வெயிலுக்கும் தாங்கும்.

கழுவி, நன்றாக ஈரம் போன காரில், நிழலில் வைத்து வாக்ஸ் போட வேண்டும். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து மெல்லிசாகப் பரப்புங்கள். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு கூடாது. துடைக்கும்போது கைவலிதான் கூடும். டப்பாவில் குறிப்பிட்ட நேரம் கழித்து, பனி படர்ந்ததுபோல ஆனதும் சுத்தமான துணியால் துடைத்தெடுக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பளபளப்பில்லாத ‘மேட்’ ரக பெயின்ட் என்றால் பாலிஷும் வேண்டாம், சாதாரண வாக்ஸும் வேண்டாம்.

கார்னாபா வாக்ஸ் இரண்டு மாதம் அளவுக்குத் தாங்கும். அடுத்து எப்போது என்று காரே சொல்லும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. தட்டையாகப் பரவினால் போய்விட்டது.

பட்டறைப் பெரியவர் அந்தக் கறுப்பு காருக்கு பாலிஷ் போடவில்லை. “மேலோட்டமான கோடுதான், இருந்துட்டுப் போகட்டும். தோலை உரிச்சு அழகு பார்க்க வேண்டாம். இனிமே கோடு விழாம பார்த்துக்குங்க, அது போதும்” என்று சொல்லி, பம்பர் வேலைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிறு காலை அந்த வீட்டு வாசலில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்றில் துணியை அலசிக் கொடுக்கும் பொறுப்பு மகளுக்கு.